அரிதாள் வயலில் பொம்மைப் புறாக்கள்

பொம்மைப் பறவைகளை வயலில் பரப்பி வைத்து, அவற்றைத் தம் கூட்டம் என்று நம்பி இறங்கும் புறாக்களையும் காகங்களையும் மறைவிலிருந்து சுடுவது பிரிட்டனின் வேளாண் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் நடக்கிறது. உழவர்கள் இதைப் பயிர்க்காவல் என்கிறார்கள். துப்பாக்கியோடு வருபவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வருபவர்கள் அல்லர். சொந்தச் செலவில் தோட்டா வாங்கிக்கொண்டு, விருப்பத்துக்காக வருபவர்கள். சட்டமோ பயிர்க்காவலை மட்டுமே காரணமாக ஏற்கிறது, விருப்பத்தை ஏற்பதில்லை. உழவர், சுடுபவர், சட்டம் ஆகிய மூன்று தரப்புக்கும் இடையே உள்ள இழுபறி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நிற்கும் வயல்களில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பறவைகள் அதிகம் கூடுவதும் அங்கே. சேதம் என்று சுட்டிக்காட்டப் பயிரே இல்லாததும் அங்கே.

முதன்மை இலக்கு காட்டுப்புறா. அறிவியல் பெயர் கொலம்பா பலும்பஸ். நீலகிரிச் சோலைகளில் வாழும் நீலகிரிக் காட்டுப்புறாவும் இதே பேரினம்தான்; ஆனால் அது அருகி வரும் பறவை, பிரிட்டனின் காட்டுப்புறாவோ பெருகி நிற்கும் பறவை. ஏறத்தாழ அரைக் கிலோ எடை, சாம்பல் உடல், இளஞ்சிவப்பு படர்ந்த மார்பு, வளர்ந்த பறவைக்குக் கழுத்தின் இருபுறமும் வெள்ளைத் திட்டு. இறக்கையின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. உட்கார்ந்திருக்கும்போது அது பெரும்பாலும் மறைந்திருக்கும். பறவை எழும்பும்போது பளிச்சென்று தெரியும். ஒரு புறா திடீரென எழும்பினால் அந்த வெள்ளை மின்னலைக் கண்டு மற்றவையும் எழும்பிவிடும். பொம்மைகளை வைத்துச் சுடும் கலையில் பாதி, இந்த வெள்ளைப் பட்டையை எப்போது காட்டுவது, எப்போது மறைப்பது என்பதைச் சுற்றியே சுழல்கிறது.

பிரிட்டனில் சுமார் 50 லட்சம் இணைகள் கூடு கட்டுகின்றன. 1960-களின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் இது இரு மடங்குக்கும் மேல். இவ்வளவு பறவைகளுக்கு உணவு தந்தது காடு அல்ல, உழவுதான். பீச் மரக்காய்களையும் ஓக் விதைகளையும் தின்று வாழ்ந்த பறவை, காடுகள் வயல்களானதும் வயலுக்கு வந்தது. குளிர்காலத்தில் அதன் உயிரைக் காத்தது மேய்ச்சலுக்காக விதைக்கப்பட்ட குளோவர் இலை. ரசாயன உரம் பரவி, மண்வளத்துக்காகக் குளோவர் விதைக்கும் வழக்கம் குறைந்தபோது 1960-களில் புறாக்களும் குறைந்தன. 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பின், மானியத்தின் துணையோடு கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்துப் பயிரான ரேப்சீட் நாடெங்கும் பரவியது. இலையுதிர் காலத் தொடக்கத்தில் விதைத்து மறு கோடையில் அறுக்கும் பயிர் அது. உறைபனி மாதங்கள் முழுவதும் வயலில் பச்சை இலையோடு நிற்கும். பசியால் சாக வேண்டிய புறாக்கள் அதைத் தின்று பிழைத்தன. 2012-ல் ரேப்சீட் பரப்பு 7 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. விதைக்குப் பூசும் நியோநிகோட்டினாய்டு பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டு, தண்டைத் துளைக்கும் வண்டின் தொல்லை மிகுந்த பிறகு அந்தப் பரப்பு பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது.

சுட்டால் குறையுமா?

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலைத் தேடியவர் பறவையியலாளர் ஆர். கே. மர்ட்டன். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் உணவுப் பற்றாக்குறை பெரிய கவலையாக இருந்தது. தானியத்தைத் தின்னும் புறா எதிரியாகப் பார்க்கப்பட்டது. அரசு தோட்டாக்களுக்கு மானியம் கொடுத்தது. குளிர்கால மாலைகளில் ஊர் ஊராகத் துப்பாக்கிக்காரர்கள் ஒரே நேரத்தில் தோப்புகளில் நின்று, அடைய வரும் புறாக்களைச் சுட்டார்கள். மர்ட்டனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் பகுதியில் ஆண்டுக்கணக்கில் புறாக்களை எண்ணினார்கள்; வயலில் ஒரு சதுர அடிக்கு எத்தனை குளோவர் இலை மிஞ்சியிருக்கிறது என்பதையும் எண்ணினார்கள். 1965-ல் வெளிவந்த மர்ட்டனின் ‘தி உட்பிஜன்’ நூலும், 1974-ல் வந்த ஆய்வுக் கட்டுரையும் சொன்ன செய்தி அரசு எதிர்பார்த்தது அல்ல. வசந்தத்தில் எத்தனை புறா மிஞ்சும் என்பதைக் குளிர்கால இலையின் அளவே தீர்மானித்தது. சுடப்பட்டவை பெரும்பாலும் எப்படியும் பட்டினியில் இறந்திருக்கக்கூடிய பறவைகள். ஒன்று சாக, அதன் பங்கு இலை மற்றொன்றுக்குக் கிடைத்தது. மானியத் தோட்டாக்களால் வசந்தகால எண்ணிக்கை மாறவில்லை.

இந்த ஆய்வை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இன்று நடக்கும் எந்தப் புறா வேட்டையையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. பொம்மைகளை வைத்து ஒரு நாளில் நூறு புறாக்களைச் சுட்டவர் நாட்டின் புறாத்தொகையைக் குறைத்துவிட்டதாகச் சொன்னால் அது பிழை. அவர் காப்பது ஒரு குறிப்பிட்ட வயலை. அதுவும் சில நாட்களுக்கு. ஆனால் அந்தக் காவலுக்கு மதிப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முளைவிடும் பட்டாணி வயலில் இரண்டு வாரம் புறாக்களை அண்டவிடாமல் செய்தால் அந்தப் பயிர் தப்பிவிடும். அதன் பின் அந்த வயலுக்குப் புறாவால் ஆபத்து குறைவு. பயிர்க்காவல் என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. நாடளாவிய புறாத்தொகையைக் குறைப்பது வேறு வேலை, அது துப்பாக்கியால் நடப்பதில்லை.

அதே காலத்தில் புறாக்களை உண்மையாகவே கூட்டம் கூட்டமாகக் கொன்றது வேறொன்று. 1950-களின் பிற்பகுதியில் விதைத் தானியத்துக்கு ஆல்டிரின், டீல்டிரின் நஞ்சுகளைப் பூசினார்கள். அந்த விதையைத் தின்ற புறாக்கள் வயலிலேயே செத்து விழுந்தன. அவற்றைத் தின்ற வல்லூறுகளும் நரிகளும் செத்தன. 1960-களின் தொடக்கத்தில் வசந்தகால விதைப்புக்கு அந்த நஞ்சுகளைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. பயிரைக் காக்கும் அவசரத்தில் மனிதர் செய்தவற்றுள் மிகக் கொடியது இதுதான். துப்பாக்கி அதற்கு அருகில்கூட வராது.

வயலும் காற்றும்

புறா தேடிப்போகும் வயல் மாதத்துக்கு மாதம் மாறும். மார்ச், ஏப்ரலில் புதிதாக விதைத்த பட்டாணியும் பார்லியும். மே, ஜூனில் இளம் பயிர்கள். கோடையில் மழையும் காற்றும் சாய்த்த கோதுமைத் திட்டுகள். நிமிர்ந்து நிற்கும் கதிர்மேல் இவ்வளவு கனமான பறவையால் உட்கார முடியாது, பயிர் சாய்ந்துவிட்டால் அதன் மேல் நடந்தே தின்னும். அறுவடைக்குப் பின் அரிதாள் வயல். இலையுதிர் காலத்தில் பல கூட்டங்கள் பீச் மரங்களுக்கும் ஓக் மரங்களுக்கும் போய்விடும். பின்பு குளிர்காலம் முழுவதும் ரேப்சீட்.

அரிதாள் வயல் புறாக்களை இழுப்பதற்குக் காரணம் சிதறிய மணி. அறுவடை இயந்திரம் எவ்வளவு திறமையாக ஓடினாலும் பின்னால் கொஞ்சம் மணி விழும். பயிர் சாய்ந்து கிடந்த இடங்களில் இயந்திரத்தின் கத்திக்கு எட்டாமல் கதிரோடு தங்கிவிடும். ரேப்சீட் காய் வெடித்துச் சிதறும் தன்மை உடையது என்பதால் அந்த வயலிலும் விதைகள் ஏராளம். முன்பெல்லாம் அரிதாள் மறு வசந்தம் வரை உழப்படாமல் கிடக்கும். குளிர்காலப் பயிர்கள் பெருகிய பின் அறுவடையான சில நாட்களிலேயே மண்ணைக் கிளறி அடுத்த விதைப்புக்குத் தயார் செய்துவிடுகிறார்கள். சுடுபவருக்குக் கிடைக்கும் இடைவெளி இன்று மிகக் குறுகியது. ஓர் இழப்பும் இதில் உண்டு: குளிர்கால அரிதாளை நம்பி வாழ்ந்த வானம்பாடி, லின்னட், கார்ன் பன்டிங் போன்ற சிறு பறவைகள் அதனோடு சேர்ந்து குறைந்துபோயின. அரிதாளைக் குளிர்காலம் முழுவதும் உழாமல் விடும் உழவருக்குச் சூழல் திட்டங்கள் பணம் கொடுப்பது அதனால்தான்.

துப்பாக்கியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, பார்ப்பது. ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஆர்ச்சி கோட்ஸ் இதைத் தொழிலாகவே செய்தவர். உழவர்களின் வயல்களைப் புறாக்களிடமிருந்து காத்து அதில் பிழைத்தார். 1962-ல் ஒரே நாளில் 550 புறாக்களைச் சுட்டது நெடுங்காலம் பேசப்பட்ட எண்ணிக்கை. அடுத்த ஆண்டு அவர் எழுதிய ‘பிஜன் ஷூட்டிங்’ இந்தத் துறையில் பலருக்குப் பாடநூல். அவர் அழுத்திச் சொன்னது குறி பார்ப்பதை அல்ல, முந்தைய நாள் வேவு பார்ப்பதை. காட்டுப்புறா இரைக்குப் போகும்போது வானத்தில் மனம்போனபடி பறப்பதில்லை. வேலி வரிசை, பள்ளத்தாக்கு, மின்கம்பி, ஒரு தோப்பின் முனை என்று நில அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு ஒரே தடத்தில் வரும். போகும் வழியில் உட்கார்ந்து வயலை நோட்டம் விடும் மரங்களும் உண்டு. அந்தத் தடம் எது, வயலின் எந்த மூலையில் இறங்குகின்றன, எந்த நேரத்தில் வருகின்றன என்பதைத் தொலைவிலிருந்து பொறுமையாகப் பார்த்தவருக்கே மறுநாள் வேலை நடக்கும். தடத்தை விட்டு நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் பொம்மைகளைக் காவல் காத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மறைவிடம் பெரும்பாலும் வேலி ஓரத்தில் அமையும். நான்கைந்து உலோகக் கம்புகளை ஊன்றி, உருமறைப்பு வலையைச் சுற்றிக் கட்டி, அந்த இடத்திலேயே கிடைக்கும் கிளைகளையும் அரிதாளையும் மேலே செருகுவார்கள். வேலி இல்லாத நடுவயலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி உள்ளே உட்காருவதும் உண்டு. புறாவின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறத்தாழ எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். நிறத்தைவிட அசைவே காட்டிக்கொடுக்கும். வலைக்கு மேலே நிமிரும் வெளிறிய முகத்தைக் கண்டதும் கூட்டம் விலகிப் பறந்துவிடும். ஆகவே தொப்பி, முகமூடித் துணி, கையுறை எல்லாம் தேவை.

பொம்மைகளை வைக்கும் முறைக்கு அடிப்படை காற்று. புறா எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவருக்குப் புறாக்கள் நேராக முன்னால் வந்து இறங்கும். காற்றே இல்லாத நாளில் எந்தப் பக்கமிருந்தும் வரும். மூடுபனி நாளிலும் கனமழையிலும் பெரும்பாலும் வருவதே இல்லை. பொம்மைகளை மறைவிடத்திலிருந்து 20 முதல் 30 மீட்டர் தொலைவில், குதிரை லாட வடிவில் பரப்புவது வழக்கம். லாடத்தின் நடுவே காலியிடம் விடப்படும். வரும் புறா அந்தக் காலியிடத்தில் இறங்கப் பார்க்கும். துப்பாக்கி அங்கேதான் காத்திருக்கும். பொம்மைகள் பெரும்பாலும் காற்றை நோக்கியிருக்க வேண்டும், ஆனால் அணிவகுத்து நிற்பதுபோல் எல்லாம் ஒரே கோணத்தில் இருக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று சில மீட்டர் இடைவெளி வேண்டும். நிம்மதியாக மேயும் புறாக்கள் பரவி நிற்கும்; நெருங்கி நிற்கும் கூட்டம் பறந்துவிடப் போகும் கூட்டம். இறங்க வரும் புறாவுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

பழைய பொம்மைகள் மரத்தில் செதுக்கியவை. இப்போது விற்பவை பிளாஸ்டிக்கில் வார்த்த அரை ஓடுகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரு பையில் நாற்பது ஐம்பதைத் தூக்கிச் செல்லலாம். வெயிலில் அவை மினுங்கினால் புறா விலகும் என்பதால் மேலே வெல்வெட் போன்ற பூச்சு பூசியிருப்பார்கள். ஒரு கம்பியின் முனையில் ஓடு ஒன்றை நிறுத்தினால் காற்றில் மெல்லத் தலையசைக்கும். சுட்ட புறாக்கள் சேரச் சேர, அவற்றையே கம்பித் தாங்கிகளில் வைத்து அடுக்கைப் பெரிதாக்குவார்கள். உண்மைப் பறவையை மிஞ்சிய பொம்மை இல்லை. விழுந்த புறா மல்லாந்து வெளிறிய வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தால் வருபவை மிரளும். அதனால் இடையிடையே எழுந்து போய் அவற்றைப் புரட்டி வைப்பதும், சிதறிய இறகுகளைப் பொறுக்குவதும் வேலையின் பகுதி.

அசைவுக்காக வந்த கருவி சுழலி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டாரின் மேல் இரண்டு நீண்ட கம்பிக் கைகள். ஒவ்வொரு கையின் முனையிலும் இறக்கை விரித்த ஒரு புறா. அது சுற்றும்போது இறங்கிக்கொண்டிருக்கும் இரு பறவைகள்போல் தோன்றும். இறக்கைப் பட்டைகள் தொலைவிலிருந்தே மின்னும். எழும்பும் புறாவின் வெள்ளைப் பட்டை எச்சரிக்கை என்றால், இறங்கும் புறாவின் வெள்ளைப் பட்டை அழைப்பு. ஆனால் ஒரே பகுதியில் பல நாட்கள் சுழலியை ஓட்டினால் புறாக்கள் அதைக் கண்டு ஒதுங்கக் கற்றுக்கொள்கின்றன. அப்போது அனுபவமுள்ளவர்கள் அதை நிறுத்திவிட்டு வெறும் ஓடுகளுக்குத் திரும்புவார்கள்.

சுடுவது பெரும்பாலும் ‘12 போர்’ என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியால். தோட்டாவுக்குள் 28 முதல் 32 கிராம் வரை ரவை. நாற்பது மீட்டருக்கு அப்பால் ரவைக் கூட்டம் விரிந்து இடைவெளி விழும். பறவை சாகாமல் காயத்தோடு பறந்துபோகும். பொம்மைகளின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது. பறவையை நெருங்கி வரவைத்து, வேகம் குறைந்த நிலையில், உறுதியாகக் கொல்லும் தொலைவில் சுட அவை வழி செய்கின்றன. காயம்பட்டு விழுந்ததை உடனே எடுத்து முடிப்பதும், வேலிக்குள் விழுந்ததைத் தேட மோப்ப நாயை வைத்திருப்பதும் நாகரிகமாகச் சுடுபவர் தவறவிடக் கூடாத கடமைகள்.

காகம் என்னும் சோதனை

காகத்தைப் பொம்மையால் ஏமாற்றுவது வேறு வகை வேலை. பிரிட்டன் வயல்களில் மூன்று வகை முக்கியம்: உடல் முழுவதும் கறுப்பான கேரியன் காகம், முகத்தில் இறகில்லாமல் சாம்பல் தோல் தெரியும் ரூக், உருவில் சிறிய ஜாக்டா. ரூக் கூட்டமாக வாழும். முளைக்கும் தானியத்தையும் மக்காச்சோளத்தையும் பிடுங்கும். அதேவேளை பயிர்வேரைத் தின்னும் புழுக்களையும் ஏராளமாகத் தின்னும் என்பதால் அதன் கணக்கு வரவும் செலவும் கலந்தது. கேரியன் காகம் இணையாக எல்லை பிடித்து வாழும். பிறந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கொத்துவதும், மல்லாந்து எழ முடியாமல் கிடக்கும் ஆட்டைத் தாக்குவதும், லாப்விங், கர்லூ போன்ற தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்பதும் அதன் மேல் சொல்லப்படும் குற்றங்கள். காட்டுப்புறாவின் கூட்டிலிருந்தும் காக்கை இனத்துப் பறவைகள் முட்டைகளை எடுத்துக்கொண்டேயிருக்கின்றன.

ரூக்கும் ஜாக்டாவும் அரிதாள் வயலில் புறாக்களோடு கலந்து மேயும். அதனால் புறாப் பொம்மைகளின் ஓரத்தில் இரண்டொரு கறுப்புப் பொம்மைகளை வைப்பார்கள். எச்சரிக்கை மிகுந்த காகமே நிம்மதியாக மேய்கிறது என்றால் புறாவுக்கும் நம்பிக்கை வரும். ஆனால் கேரியன் காகத்தை மட்டும் குறிவைப்பவர் விடியுமுன்பே உள்ளே போய்விட வேண்டும், மறைவிடத்தின் மேற்புறத்தையும் மூட வேண்டும். ஒருமுறை தப்பிய காகம் அந்த மூலைக்குத் திரும்பி வருவது அரிது. அமெரிக்கக் காகங்கள் தம்மைப் பிடித்தவரின் முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு முகமூடிகளை வைத்துச் சோதித்து 2010-ல் வெளியிட்டது. கண்டத்து ஐரோப்பாவில் காகத்தின் வேறொரு குணத்தைப் பயன்படுத்தினார்கள்: ஆந்தையைக் கண்டால் கூடி விரட்டும் குணம். கம்பத்தில் கழுகாந்தையைக் கட்டிவைத்துப் பக்கத்துக் குடிசையிலிருந்து சுடுவது ஜெர்மனியில் பழைய வழக்கம்.

உரிமம்

உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து மற்ற பறவைகளை வரவழைப்பது பிரிட்டனில் குற்றம். 1981-ம் ஆண்டின் வனவுயிர், கிராமப்புறச் சட்டம் அதைத் தடுக்கிறது. குருடாக்கிய, காயப்படுத்திய பறவையைக் காட்டி ஈர்ப்பதையும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதையும் தடுக்கிறது. அதனால்தான் பிரிட்டனில் பிளாஸ்டிக் ஓடு இவ்வளவு வளர்ந்தது. இதே காட்டுப்புறாவைத் தென்மேற்குப் பிரான்சில் பிடிக்கும் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் வரை, ஐபீரியத் தீபகற்பம் நோக்கி வலசை போகும் கூட்டங்களுக்காக லாந்து, ஜெர் பகுதிகளின் காடுகளில் ‘பலோம்பியேர்’ எனப்படும் மறைகுடில்கள் காத்திருக்கும். மரங்களுக்கிடையே பெரணிச் செடி வேய்ந்த நடைபாதைகள், மர உச்சியில் உயிருள்ள புறாக்கள், அவற்றைச் சிறகடிக்கச் செய்யக் கீழே இழுக்கும் கயிறுகள். வானத்தில் போகும் கூட்டத்தை மரத்தில் இறக்கி, பின் தரைக்கு இறக்கி வலையில் பிடிப்பார்கள். அந்த வட்டார மக்களுக்கு அது தலைமுறை வழக்கம். ஆனால் கட்டப்பட்ட புறாவின் பக்கம் நின்று பார்த்தால் பிரிட்டன் சட்டமே நியாயமானது.

காட்டுப்புறாவும் காகங்களும் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு இல்லாத பறவைகள் அல்ல. எல்லாக் காட்டுப் பறவைகளையும் போல அவையும் பாதுகாக்கப்பட்டவையே. பொது உரிமம் என்ற விதிவிலக்கின் கீழ்தான் சுடப்படுகின்றன. இந்த உரிமத்துக்கு விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. நில உடைமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செயல்படலாம். பயிருக்கோ கால்நடைக்கோ கடும் சேதம் ஏற்படுவதைத் தடுப்பது போன்ற காரணம் வேண்டும். வெடியோசை எழுப்பும் கேஸ் துப்பாக்கி, காற்றில் ஆடும் பருந்துப் பட்டம், சோளக்கொல்லைப் பொம்மை போன்ற கொல்லாத வழிகளை முயன்றிருக்க வேண்டும், அல்லது அவை ஏன் பயன்படாது என்று சொல்ல முடிய வேண்டும். விளையாட்டு ஒரு காரணமாகக் குறிப்பிடப்படவே இல்லை.

2019-ல் இந்த ஏற்பாடு ஒரு வாரத்துக்குள் குலைந்தது. இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்களான கிறிஸ் பேக்கம், மார்க் அவரி, ரூத் டிங்கே மூவரும் தொடங்கிய வைல்டு ஜஸ்டிஸ் அமைப்பு, உரிமங்கள் வழங்கப்பட்ட முறை சட்டப்படி சரியல்ல என்று வழக்குக்குப் போனது. சேதம் உண்மையிலேயே நடக்கிறதா, வேறு வழி முயலப்பட்டதா என்பதை யாரும் உறுதி செய்யாமலே கொல்ல அனுமதிப்பது எப்படி என்பதுதான் அதன் கேள்வி. உரிமங்களை வழங்கிய நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு தவறை ஏற்று, ஏப்ரல் 25 முதல் மூன்று உரிமங்களை ரத்து செய்தது. விதைப்புக் காலத்தின் நடுவே, ஒன்றரை நாள் முன்னறிவிப்போடு வந்த முடிவு அது. உழவர்கள் கொதித்தார்கள். பேக்கமின் வீட்டு வாயிற்கதவில் செத்த காகங்களை யாரோ தொங்கவிட்டார்கள். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் கோவ் பொறுப்பைத் தம் துறைக்கு எடுத்துக்கொண்டு ஜூனில் புதிய உரிமங்களை வெளியிட்டார். இப்போது இங்கிலாந்தில் பயிர்ச்சேதத்துக்குப் பொருந்துவது ஜிஎல் 42 என்ற உரிமம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி உரிமங்கள். வழக்குப் போட்டவர்களைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், அவர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. உரிமத்தின் சொற்களைப் படிக்காமலே துப்பாக்கியைத் தூக்கிய பலரை அது படிக்க வைத்தது.

அடையாளம் தெரிவதும் சட்டத்தின் பகுதி. ஸ்டாக் புறா உருவில் சிறியது. கழுத்திலும் இறக்கையிலும் வெள்ளை இல்லை. காட்டுப்புறாக்களோடு கலந்தே அரிதாள் வயலுக்கு வரும். அதைச் சுடக் கூடாது. காலில் வளையம் மாட்டிய பந்தயப் புறா ஒருவரின் உடைமை. அதைச் சுடுவது பிறர் பொருளை அழிக்கும் குற்றம்.

அரிதாளில் எழும் கேள்வி

சேதத்தைத் தடுப்பதே காரணம் என்றால், அறுவடை முடிந்த வயலில் சேதம் எங்கே? புறா அங்கே தின்பது யாரும் திரும்ப அள்ளப் போகாத மணி. உழுதால் மண்ணுக்குள் போய் முளைத்து அடுத்த பயிருக்குக் களையாகும் மணி. அதைப் புறா பொறுக்கித் தின்றால் உழவருக்குச் சிறு உதவிகூட. சுடுபவர்களின் பதில் இது: பறவைக் கூட்டம் ஒரு வயலோடு நிற்பதில்லை, இன்று அரிதாளில் மேய்வது நாளை வேலிக்கு அப்பால் இன்னும் அறுக்காத கோதுமையில் சாய்ந்த திட்டுக்கும், அடுத்த மாதம் முளைக்கும் ரேப்சீடுக்கும் போகும், அதைச் சுட வாய்ப்பது அரிதாளில் கூடும்போதுதான். பக்கத்து வயலில் பயிர் நிற்கும் இடத்தில் இந்த வாதம் செல்லும். சுற்றுவட்டாரம் முழுவதும் அறுத்து முடிந்த இடத்தில் செல்லாது. அங்கே நூறு புறாக்களைச் சுட்டவர், மர்ட்டன் காட்டிய கணக்கின்படி, குளிர்கால ரேப்சீடை மேயப்போகும் கூட்டத்தையும் குறைக்கவில்லை. அவர் செய்தது வேட்டை விளையாட்டு. அதை அப்படியே ஒப்புக்கொண்டு விவாதிப்பதே நேர்மை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. காட்டுப்புறா பெருமளவு குஞ்சு பொரிப்பது தானியம் முதிரும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. சுள்ளிகளை அடுக்கிய மெல்லிய கூட்டில் இரண்டு வெள்ளை முட்டைகள். 17 நாள் அடைகாப்பு. பிறகு சுமார் ஐந்து வாரம் குஞ்சு வளர்ப்பு. முதல் நாட்களில் தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். ஆகஸ்டில் அரிதாள் வயலுக்கு வரும் வளர்ந்த புறாக்களில் பல, கூட்டில் குஞ்சை விட்டுவிட்டு வந்தவை. பெற்றோர் திரும்பாவிட்டால் குஞ்சு கூட்டிலேயே பட்டினியால் சாகும். விளையாட்டுப் பறவைகளான கவுதாரிக்கும் ஃபெசன்டுக்கும் கூடு கட்டும் காலத்தில் சுடத் தடை உண்டு. காட்டுப்புறாவுக்கு அந்தத் தடை இல்லை. பயிர் நிற்கும் வயலில் இந்த வேதனையை எடைபோட எதிர்த்தட்டில் உழவரின் ஓராண்டு உழைப்பாவது இருக்கிறது. வெறும் அரிதாளில் எதிர்த்தட்டு காலி.

இறைச்சியும் ஈயமும்

சுட்ட புறா வீணாவதில்லை என்பது இந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நல்ல செய்தி. மார்பிறைச்சி கருஞ்சிவப்பு, கொழுப்பு குறைவு. விரைவாக வறுத்துச் சாப்பிடுவார்கள், மெதுவாகப் புழுக்கி, மாவு மேலோட்டுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பண்டமாகவும் செய்வார்கள். மிஞ்சுவதை வேட்டை இறைச்சி வணிகர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கோடை வெயிலில் இறைச்சி கெடாமலிருக்க, நிழலில் காற்றோட்டமாக, ஈ மொய்க்காமல் தொங்கவிட வேண்டும். காகம் உணவாவதில்லை, மே மாத நடுவில் கூட்டை விட்டுக் கிளைக்கு வரும் ரூக் குஞ்சுகளை மட்டும் சில கிராமங்களில் ‘பை’ செய்து தின்றார்கள்.

அந்த இறைச்சியில் ஈயம் இருக்கிறது. ரவை பறவைக்குள் நுழையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். ஈய ரவையால் சுட்ட இறைச்சியை அடிக்கடி உண்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2012-ல் அறிவுறுத்தியது. நிலத்தில் விழும் ரவையைக் கூழாங்கல் என்று விழுங்கி, பிரிட்டனில் ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 வரை நீர்ப்பறவைகள் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 1999 முதல் நீர்ப்பறவைகளை ஈயத்தால் சுடத் தடை இருந்தும் வயல்களில் அது தொடர்ந்தது. 2020-ல் துப்பாக்கிக்காரர் அமைப்புகளே ஐந்தாண்டுக்குள் ஈயத்தைக் கைவிடலாம் என்று அறிவித்தன. பேச்சளவுக்குச் செயல் வரவில்லை. 2025 ஜூலையில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஈய ரவைக்குத் தடை கொண்டுவரப்போவதாக அரசு அறிவித்தது. மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம்.

மாற்று பெரும்பாலும் எஃகு. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே வலிமைக்கு இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். கடினமானது என்பதால் பழைய மெல்லிய குழல்களைத் துப்பாக்கி வல்லுநரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவில் அதன் வேகம் சீக்கிரம் தளரும். லாட வடிவின் நடுவே 25 மீட்டரில் இறங்கும் புறாவைச் சுடுபவருக்கு இதனால் இடையூறு இல்லை. உயரத்தில் கடப்பதை எட்டிச் சுடுபவருக்குத்தான் இடையூறு. எஃகு குழலை உரசாமலிருக்க ரவையைச் சுற்றி ஒரு கிண்ணம் தேவை. முன்பு அது பிளாஸ்டிக்காக இருந்து ஒவ்வொரு வெடிக்கும் ஒன்றாக வயலில் விழுந்தது. இப்போது மண்ணில் மட்கும் பொருளால் செய்த கிண்ணங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. கால்நடை மேயும் நிலங்களில் அவற்றைப் பயன்படுத்துபவருக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லும் உழவர்களும் இருக்கிறார்கள்.